கடைக் கண்ணாடிக்குள் கொழுந்துக்காரி

டென்மார்க் என்றொரு நாடு இருப்பது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பங்களா சமையற்காரருக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளைக்காரத் துரைக்கு வருகிற வெண்ணெய் டின்னில் அந்தப் பெயர் அச்சடித்திருப்பதாக அவர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அதனால், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில் துரை வந்து நின்று, டென்மார்க்குக்கு இரண்டு பேர் போக வேண்டும் என்று சொன்னபோது, "வெண்ண எடுத்தாறதுக்குங்களா?" என்று ஒரு கிழவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே சந்தேகம்தான்.

விஷயம் வெண்ணெய் அல்ல. எங்கள் தேயிலையை அந்த நாட்டில் விற்கும் கம்பெனிக்கு ஒரு கவலை. அங்குள்ளவர்கள் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை கோப்பியாகக் குடித்துத் தீர்க்கிறார்கள். சளி, தடிமன் பிடித்தால் மட்டுமே தேயிலையைத் தேடுகிறார்கள். கொழுந்து பறிக்கும் அசல் கொழுந்துக்காரி ஒருத்தியைக் கூடையோடு கொண்டுவந்து, ஊர் ஊராகக் கடைக் கண்ணாடிக்குள் நிறுத்தினால் சனம் மனம் மாறும் என்று கம்பெனியில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. துரைசானி நேரில் வந்து பெண்களை வரிசையாக நிறுத்திப் பார்த்து, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்த செல்லாயி அக்காவைத் தேர்ந்தெடுத்தார். மூக்குத்திதான் சீமைக்குப் போனது, அக்கா அதற்குத் துணைக்குப் போனாள் என்று நாங்கள் குடியிருக்கும் லயத்தில் இன்றும் சொல்வார்கள்.

மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டுமே என்று என்னையும் சேர்த்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அட்டன் கொன்வென்ட்டில் படித்த இங்கிலீஷ் கொஞ்சம் கைவசம் இருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணம் ஆகாத பெண் கப்பலோ பிளேனோ ஏறினால் அதற்குப் பிறகு ஆகவே ஆகாது என்று அம்மா அழுதாள். அந்தக் கணக்குத் தப்பிவிட்டது என்பதை என் வீட்டுக்காரர் முன்னிலையில் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

செல்லாயி அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். மூன்று பிள்ளைகள். தொழிற்சங்கக் கூட்டம் என்றால் முன்வரிசை. புருஷன் முனியாண்டி அதிகம் பேசாதவர். "நான் திரும்பி வர்ற வரைக்கும் மனுசன் நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா நானுஓயாவில் ரயில் ஏறினாள்.

கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் முதல் சிக்கல். எங்களிடம் பாஸ்போர்ட் கிடையாது. ஒருமுறைப் பயணத்துக்கென்று கொடுத்த ஒரு கடதாசிதான். தோட்டத்து ஆட்கள் எந்த நாட்டவர் என்று கொழும்பில் கேட்டால் இந்தியாக்காரர் என்பார்கள். இந்தியாவில் கேட்டால் சிலோன்காரர் என்பார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவர் எந்த நாட்டுக்காரர்?" என்று கேட்டார். நான் அக்காவிடம் கேட்டேன்.

"நான் கொழுந்து எடுக்கிற நாலாம் நம்பர் மலைன்னு சொல்லுங்க டீச்சர்."

"நாட்டைக் கேக்கிறாரு அக்கா."

"நாடு எதுன்னு அவங்களே இன்னும் முடிவு பண்ணல. மலை எனக்கு நல்லாத் தெரியும்."

நான் "சிலோன்" என்றேன். கடதாசியில் அப்படி எழுதவில்லையே என்றார் அவர். எழுதாதது எங்கள் தவறல்ல என்றேன். கடைசியில், எங்களை அழைத்துப்போக வந்திருந்த கம்பெனி ஆள் உள்ளே வந்து, அவர்கள் பாஷையில் என்னவோ சொல்லி முத்திரை குத்த வைத்தார். அவர் பெயர் யென்சன். உயரமான மனிதர். சிரிப்பை முகத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். அவர் தன் காரில் முன்னால் போவார், நாங்கள் வேனில் பின்னால் வர வேண்டும் என்று ஏற்பாடு.

வேன் ஓட்டியவள் கேர்டா. ஐம்பது வயதுப் பெண்பிள்ளை. கால்சட்டை போட்டிருந்தாள், வாயில் ஒரு குட்டிச் சுருட்டு. அந்த நாட்டில் கௌரவமான பெண்களே சுருட்டுப் பிடிக்கிறார்கள் என்பதை அன்றுதான் கண்டோம். "இது அண்ணனா அக்காவா?" என்று செல்லாயி அக்கா என் காதில் கேட்டாள். கேர்டா மரியாதைக்கு ஒரு சுருட்டை நீட்டினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த வெற்றிலையெல்லாம் வாடிப்போயிருந்த துக்கத்தில் இருந்த அக்கா, சுருட்டை வாங்கிப் பாதியாக ஒடித்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள். கேர்டா வேனை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அந்த நிமிடத்திலிருந்து இருவருக்கும் இடையில் என் மொழிபெயர்ப்பு தேவைப்படவே இல்லை.

முதல் நாள் ஒரு சின்ன ஊர். மளிகைக் கடையின் கண்ணாடிக்குள் பச்சைத் துணி விரித்து, நடுவில் தொட்டியில் ஒரு தேயிலைச் செடி வைத்திருந்தார்கள். ஏதோ பூந்தோட்டத்தின் கண்ணாடி வீட்டில் அருமையாக வளர்த்த செடியாம். இருபது ஊருக்கும் அந்த ஒரு செடிதான். அக்கா கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே சனம் கூடியது. யென்சன் கைகாட்டினார். கோழி தானியம் பொறுக்குவதுபோல அக்காவின் இரண்டு கையும் போய்வந்தன. யென்சன் வாய்திறந்து நிறுத்தச் சொல்வதற்குள் செடி மொட்டை.

"அடுத்த செடி எங்க டீச்சர்?" என்று கண்ணாடிக்குள்ளிருந்து அக்கா கேட்டாள்.

அன்று மாலை கேர்டா யார் வீட்டு வேலியிலிருந்தோ இலை பறித்து வந்து, நூலால் கிளை கிளையாகக் கட்டினாள். மறுநாளிலிருந்து அக்காவின் வேலை, கேர்டா கட்டியதை அவிழ்ப்பது. வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்த நாட்டில் தேயிலை எப்படி இருக்கும் என்று ஒரு தலைமுறை பிழையாகத் தெரிந்துகொண்டது எங்களால்தான்.

இரண்டாம் நாள் மூன் என்ற தீவு. கடலுக்கு மேலே வளைந்து போகும் வெள்ளைப் பாலம். கீழே தண்ணீர் அசையவே இல்லை. இறம்பொடை மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டுப் பழகிய எங்களுக்கு அந்தச் சமதரை ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அக்காவுக்குக் குமட்டியது. மலையில் வராத வாந்தி தட்டை ரோட்டில் வந்தது. வயல், வெள்ளைச் சேர்ச், மறுபடி வயல். மனிதர்களைக் காணோம். "எல்லாரும் எங்க பெரட்டுக்குப் போயிட்டாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

அந்த ஊர்க் கடைவாசலில் நாலைந்து பிள்ளைவண்டிகள் நின்றன. குளிரில், வெட்டவெளியில், உள்ளே கைக்குழந்தைகள் தூங்குகின்றன. தாய்மார் உள்ளே சாவகாசமாகக் கோப்பி குடிக்கிறார்கள். தோட்டத்தில் கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தையை விட்டுப்போகப் பிள்ளைக் காம்பராவும், பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் உண்டு. இங்கே ஆயாவையும் காணோமே என்று பதறிய அக்கா, அழுத ஒரு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டத் தொடங்கினாள். தாய் வெளியே ஓடிவந்தாள். கூடை மாட்டிய, இரட்டை மூக்குத்திப் பெண் ஒருத்தி தன் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு அப்படியே நின்றாள். பிள்ளையோ அக்காவின் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. அன்றைக்குத் தேயிலை அந்த ஊரில் நன்றாகப் போனது என்று யென்சன் சொன்னார். காரணம் அவருக்குத் தெரியாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் வயிறு மன்னிக்காது. கறுப்பு நிறத்தில் செங்கல் கனத்தில் ஒரு பாண் ரொட்டி. அதன்மேல் வினாகிரியில் ஊறிய பச்சை மீன். அதன்மேல் பச்சை வெங்காயம். "அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே பசி வந்திருச்சு போல" என்றாள் அக்கா. கேர்டாவுக்காக ஒரு துண்டு தின்றாள், பிறகு இன்னொன்று தின்றாள். புளிப்பும் உறைப்புமாக எதுவும் இல்லாத அந்த நாட்டில் அந்த மீனில் மட்டுமாவது புளிப்பு இருந்தது. எங்கள் தேயிலையைப் போட்டுக் கொண்டுவந்தார்கள். கிளாஸில் வைத்தால் மறுபக்கம் தெரிகிற நிறம். "சாயமே எறங்கல. இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று கேட்டுவிட்டு அக்கா கோப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள். யென்சன் அதை மறைக்க எழுந்து அவள் முன்னால் நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் வேறு தீவுக்குப் போகும் வழியில் ஒரு பாலம் எங்கள் கண் முன்னாலேயே இரண்டாகப் பிளந்து மேலே எழுந்தது. பாய்மரம் கட்டிய ஒரு சின்னப் படகு போக வேண்டுமாம். அதில் ஒரு கிழவரும் ஒரு நாயும். அவர்களுக்காக ரோடு முழுக்க வண்டிகள் நின்றன. ஒருவர் ஹோர்ன் அடிக்கவில்லை. நுவரெலியா பஸ் டிரைவர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால் நாய்க்கு மாரடைப்பு வந்திருக்கும். பாலம் மூடியது, எல்லா வண்டியும் கிளம்பியது, எங்கள் வேனைத் தவிர. பின்னால் காரில் இருந்த பாதிரியார் ஒருவர் இறங்கி வந்து தள்ளினார். அக்காவும் புடவையைச் செருகிக்கொண்டு தள்ளினாள். "ஐலசா" என்று அவள் சொல்ல, பாதிரியாரும் ஏதோ சுலோகம் என்று நினைத்து அதையே பக்தியோடு சொன்னார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சிரிப்பில்லாத ஒன்றும் கூடவே வந்துகொண்டிருந்தது. அக்காவின் கால்.

கண்ணாடிக்குள் வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்பது யென்சனின் கட்டளை. விளம்பரப் படத்தில் கொழுந்துக்காரி வெறுங்காலோடு இருக்கிறாள், அதுதான் அசல் என்றார். ஏப்ரல் மாதம். நுவரெலியாவின் பனியெல்லாம் அந்தக் குளிருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கடைகளின் கல்தரையில் மணிக்கணக்காக நின்று அக்காவின் குதிகால் வெடித்து, விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. காலுக்கு ஒரு சோடி சப்பாத்து வேண்டும் என்று முதல் நாளே நான் கேட்டேன். "ஊரில் சப்பாத்தா போடுகிறாள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மறுநாளும் கேட்டேன். அப்போது சிரிப்பில்லை. அவர் சொன்னதை அக்காவிடம் சொல்லும்போது நான் கொஞ்சம் சீனி போட்டே சொன்னேன். "யோசிக்கிறாராம் அக்கா." "நாளைக்குப் பாக்கலாங்கிறாரு அக்கா." அவள் சொன்ன வசவுகளை அவரிடம் "நன்றி சொல்கிறாள்" என்று ஆக்கினேன். ஆகமொத்தம் இருவருக்கும் நல்ல பெயர்.

லோலான் என்ற தீவில் ஒரு துறைமுக ஊர். கப்பல் கட்டும் பட்டறையும் சீனி ஆலையும் இருந்தன. நாங்கள் பார்த்த ஊர்களில் அங்கேதான் மனிதர்கள் சத்தமாகப் பேசினார்கள். பெரிய கடை, பெரிய கண்ணாடி, பத்திரிகைக்காரரும் வருவார் என்று யென்சன் பரபரத்தார். அக்கா கூடையோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் நூல் இலைகளை அவிழ்த்தாள். பிறகு கூடையைக் கழற்றிச் செடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பச்சைத் துணியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் கையால் மூடிக்கொண்டாள்.

வெளியே இருந்தவர்கள் இதுவும் தேயிலைத் தொழிலில் ஒரு கட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

யென்சன் உள்ளே பாய்ந்தார். "எழுந்திருக்கச் சொல்."

சொன்னேன்.

"சப்பாத்து வரட்டும், எந்திரிக்கிறேன்" என்றாள் அக்கா.

யென்சனின் முகம் கழுத்திலிருந்து மேலாகச் சிவந்தது. "இவள் எழுந்திருக்காவிட்டால் இன்றே திருப்பி அனுப்புவேன். உங்கள் துரையிடம் சொல்வேன். வேலை இருக்காது. வீடும் இருக்காது. அப்படியே சொல். ஒரு சொல்லும் மாற்றாதே."

நான் எதையோ மாற்றிச் சொல்கிறேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. தோட்டத்து வேலைப் பதிவேட்டில் பேரை வெட்டினால் லயத்துக் காம்பராவும் போகும். முனியாண்டியும் பிள்ளைகளும் சாமானோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். இந்தச் சேதிக்குச் சீனி போட என்னிடம் சீனி இல்லை. அப்படியே சொன்னேன்.

காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுபோனது. "காம்பராவும் போயிருமாமா?"

"அப்படித்தான் சொல்றாரு அக்கா."

"மூணு பிள்ள இருக்கு டீச்சர்." குரல் இறங்கியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் தன் மகனுக்கு எங்களைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இருந்தாலும் எந்திரிக்க முடியலன்னு சொல்லுங்க. கால் தாங்கல."

சொன்னேன். அதன்பிறகு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தைரியம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். யென்சன் பக்கத்தில் நிற்பதைவிட அது எளிதாக இருந்தது.

யென்சன் டெலிபோனைத் தேடிப் போனார். அந்த நேரம் பட்டறையில் மத்தியானச் சங்கு ஊதியது. தெரு நிறையச் சைக்கிள்கள். நீல உடுப்புப் போட்ட ஆட்கள் கண்ணாடியைப் பார்த்துக் காலை ஊன்றி நின்றார்கள். கேர்டா சுருட்டை வாயிலிருந்து எடுத்து, அவர்களிடம் ஏதோ இரண்டு வாக்கியம் சொன்னாள். தொப்பி போட்ட தடித்த மனிதர் ஒருவர் கடைக்குள் வந்து, குனிந்து அக்காவின் காலைப் பார்த்தார். பிறகு அவளிடம் ஒரே ஒரு சொல்லைக் கேள்வியாகக் கேட்டார்.

"ஸ்ட்ரைக்க?"

அக்கா நிமிர்ந்தாள். பயணம் தொடங்கியதிலிருந்து அந்த நாட்டார் பேசியதில் அவளுக்கு நேராகப் புரிந்த முதல் சொல் அது. "ஆமாங்க. ஸ்ட்ரைக்கு!"

தடித்த மனிதர் தொப்பியைக் கழற்றி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே போய் அவர் சொன்னதும், அத்தனை பேரும் சைக்கிளைக் கடைவாசலில் சாய்த்துவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்று, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்னத் தொடங்கினார்கள். உள்ளிருந்து பார்த்தால் நீல முதுகுகள் மட்டும்தான். யாரும் எங்களைப் பார்க்க முடியாது. யாரும் கடைக்குள் வரவும் முடியாது. ஒருவர் பாணில் பாதியைக் கதவிடுக்கால் நீட்டினார். மேலே மீன் இருந்தது. அக்கா வாங்கிக்கொண்டாள்.

கடை முதலாளிக்கு வியர்த்தது. அவர் யென்சனிடம் கத்தினார், யென்சன் டெலிபோனில் கத்தினார். கடைசியில் முதலாளியின் மனைவிதான் யாரிடமும் எதுவும் பேசாமல் பக்கத்துக் கடைக்குப் போய், கம்பளிக் காலுறை ஒரு சோடியும் அந்த நாட்டு மரச்சப்பாத்து ஒரு சோடியும் கொண்டுவந்தாள். அவளே மண்டியிட்டு அக்காவுக்குப் போட்டுவிட்டாள். அக்கா எழுந்து நின்று தரையில் தட்டிப் பார்த்தாள். டொக், டொக். வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள்.

"இனி வேலை செய்வாளா?" என்று யென்சன் கேட்டார்.

"உக்கார ஒரு முக்காலி. நடுவுல கொஞ்ச நேரம் ஓய்வு. சாயம் எறங்குன தேத்தண்ணி. டீச்சருக்கும் ஒரு சோடி கட்டை. சொல்லுங்க டீச்சர்" என்றாள் அக்கா.

எல்லாம் கிடைத்தன, எனக்குக் கேட்ட கட்டையைத் தவிர. என் அளவில் இல்லை என்றார்கள். பத்திரிகையில் மரச்சப்பாத்துப் போட்ட கொழுந்துக்காரியின் படம் வந்தது. அடுத்த ஊரில் யென்சனே புது விளம்பரம் ஒட்டியிருந்தார்: சிலோன் சீமாட்டி, டென்மார்க் சப்பாத்தில். எல்லாம் தன் யோசனை என்று கடைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டார். எங்களிடம் மட்டும் முகங்கொடுத்துப் பேசவில்லை. துரைக்குச் சொன்னாரா இல்லையா என்று தெரியவில்லை.

கடைசி நாள் திரும்பும்போது ஒரு நீண்ட பாலம். மலையில் ஓர் எஸ்டேட்டிலிருந்து அடுத்த எஸ்டேட்டுக்குப் போகிற தூரம் அதன் நீளம். நடுவில் கேர்டா வேனை நிறுத்தினாள். மூவரும் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்று புடவையைப் பிய்த்தது. தூரத்தில் தீவுகள் தண்ணீரில் மிதக்கும் பலகைகள் மாதிரி கிடந்தன.

"டீச்சர், பேர வெட்டிருவாங்களா?"

"தெரியல அக்கா."

"இத்தன நாளா எம்புட்டு அழகா பொய் சொன்னீங்க. இன்னைக்கு ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"தெரியுமா ஒங்களுக்கு?"

"அந்தாளு மூஞ்சி கொரங்கு மாதிரி செவந்திருக்கு. நீங்க 'யோசிக்கிறாராம்'னு சொல்றீங்க. நான் என்ன பச்சப்பிள்ளயா?" சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். என்ன புரிந்ததோ, கேர்டா தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். திரும்பிப் போனதும் துரை முன்னால் நானும் கூட வருகிறேன் என்றேன். அது பொய்யில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் விடியற்காலை பெரட்டுக்கு நானும் போனேன். அக்கா மரச்சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். டொக், டொக் என்று அவள் வரும் சத்தம் கேட்டுக் களமே திரும்பிப் பார்த்தது. துரை அவளைக் கூப்பிட்டு, தன் தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"செல்லாயி, நீ அங்க ஸ்ட்ரைக் பண்ணினது?"

"ஆமாங்க தொர."

"எதுக்கு?"

அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். துரை சப்பாத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஆட்களின் பெயர் கூப்பிடக் காத்திருந்த மேற்பார்வைக்காரர் கண்டாக்கையாவைப் பார்த்தார். முனியாண்டி லயத்து ஓரத்தில் கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றார். துரையின் உதட்டோரம் துடித்தது கோபமா வேறெதுவுமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

"நாலாம் நம்பர்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

பேர் வெட்டவில்லை; அக்காவின் பழைய மலைதான், தோட்டத்திலேயே செங்குத்தானது. மழைக்காலத்தில் அட்டை அதிகம். அக்காவுக்கு வாயெல்லாம் பல். மலையடிவாரம் வரை அவளோடு நடந்தேன். அங்கே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"வீட்டுல போட்டுருங்க டீச்சர். மலையில இது வழுக்கும்."

"இதுக்காகவா அக்கா அவ்வளவு சண்ட போட்டீங்க?"

"அங்க வெறுங்காலா நின்னது அவன் இஷ்டத்துக்கு" என்றாள். "இது என் இஷ்டம்."

கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறிப் போனாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டைக்குள் காலை நுழைத்தேன். பெரிதாக இருந்தது, உள்ளே சூடு இன்னும் ஆறவில்லை. லயத்து வழியாக நான் டொக் டொக் என்று போக, ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு தலை வெளியே வந்தது.